அன்று 6.8, இன்று 0.12: எதற்குப் பயப்படுவது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 44. நான்கு மாதங்களுக்கு முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. என் மாமியார்தான் சிறுநீரகம் கொடுத்தார். அறுவை முடிந்த மூன்றாம் நாள் புரோகால்சிடோனின் என்ற இரத்தப் பரிசோதனை 6.8 என்று வந்தது. ரிப்போர்ட்டின் அடியில் ‘கடுமையான கிருமித் தொற்று’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து அழுதேவிட்டேன். பெரிய டாக்டரோ, “இதற்குப் பயப்பட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்தாம் நாள் 2.1, எட்டாம் நாள் 0.4 என்று இறங்கியது. இப்போது மூன்று நாட்களாக லேசான காய்ச்சல், 100.2-க்கு மேல் போகவில்லை. சோர்வு, இரண்டு மூன்று முறை வயிற்றுப்போக்கு. முதலில் எடுத்த சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனை 1.8. இரண்டு நாள் கழித்து வேறு லேபில் 18. பத்து மடங்கு! ஆனால் புரோகால்சிடோனின் வெறும் 0.12. வெள்ளையணு 2,800, தட்டணு 1,20,000, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.5, டைபாய்டுக்கான வைடால் 1:80. எங்கள் குடும்ப டாக்டர், “பாக்டீரியா தொற்று இல்லை, வைரல் காய்ச்சல்தான், பாராசிட்டமால் போதும்” என்கிறார். மாற்றுச் சிகிச்சை செய்த மருத்துவமனையில் கேட்டால், “உடனே அழைத்து வாருங்கள்” என்கிறார்கள். 6.8-க்குப் பயப்படாதவர்கள் 0.12-க்கு ஏன் பதறுகிறார்கள்? மாதாமாதம் சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கொழுந்தனார். அது சரியா?

— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தேன்: “இன்றே கிளம்புங்கள்.” காரணத்தைச் சொல்ல அப்போது நேரமில்லை. இப்போது விரிவாக எழுதுகிறேன். உங்களைப் போல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பத்து மடங்கு விவகாரத்தை முடித்துவிடுவோம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு வலப்புறம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் லேப் ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. இரண்டாவது லேப் ஒரு லிட்டருக்கு 18 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. பத்து டெசிலிட்டர் சேர்ந்தது ஒரு லிட்டர். ஆக இரண்டும் ஒரே அளவு. இரண்டு நாளில் சி.ஆர்.பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர்களே இதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி 6.8. புரோகால்சிடோனின் என்பது தைராய்டு சுரப்பியின் சில செல்கள் கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் செய்வதற்கு முன்நிலையாகத் தயாரிக்கும் புரதம். நலமாக இருப்பவர் இரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பாக்டீரியா இரத்தத்தில் நுழைந்து அதன் நச்சு பரவும்போது, தைராய்டு மட்டுமல்ல, கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று உடலின் பல இடங்களும் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தத் தொடர்பை வெளியிட்ட பிறகுதான் இது தொற்றுப் பரிசோதனையாகப் பரவியது. ரிப்போர்ட்டின் அடியில் அச்சடிக்கப்படும் ‘0.5-க்குக் கீழ் இப்படி, 2-க்கு மேல் அப்படி’ என்ற வரிகள் எல்லாம், காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வரும் சாதாரண நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்று நாளுக்கு முன் வயிற்றைத் திறந்து ஒரு சிறுநீரகம் வைக்கப்பட்டவரை அந்த வரிகளுக்குத் தெரியாது.

உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் ஏ.டி.ஜி. என்று மூன்று எழுத்து இருக்கிறது. அறுவை நாளிலிருந்து மூன்று நாட்கள் உங்கள் கணவருக்கு ஏற்றிய மருந்து அது. புதிய சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய டி வகை வெள்ளையணுக்களைக் கூண்டோடு அழிப்பது அதன் வேலை. அந்த அணுக்கள் செத்து உடையும்போது, உள்ளே இருந்த அழற்சிப் பொருட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கொட்டுகின்றன. அந்த நாட்களில் அவருக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்திருக்கும், நினைவிருக்கிறதா? ஒரு கிருமிகூட இல்லாமல் புரோகால்சிடோனினை ஏற்றிவிட அதுவே போதும். அறுவையின் காயமும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும்.

பெரிய டாக்டர் பயப்படாததற்கு அடுத்தடுத்த எண்கள் இன்னும் நல்ல காரணம். புரோகால்சிடோனின் சுரப்பது நின்றுவிட்டால், இரத்தத்தில் இருப்பது ஒரு நாளில் சுமார் பாதியாகக் குறையும்; சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் சற்று மெதுவாக. மூன்றாம் நாள் 6.8 என்றால் நான்காம் நாள் 3.4, ஐந்தாம் நாள் 1.7 என்று கணக்கு வரும். உங்களுக்கு ஐந்தாம் நாள் 2.1, எட்டாம் நாள் 0.4. கணக்கோடு ஏறக்குறைய ஒட்டிப்போகிறது. மருந்து கொட்டிவிட்டது மெல்ல வடிகிறது என்பதுதான் இதன் பொருள். ஐந்தாம் நாள் 2.1-ஆக இருந்தது ஆறாம் நாள் 5-ஆகத் திரும்பியிருந்தால், அதே டாக்டர் கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்திருப்பார், கழுத்தில் போட்ட குழாயை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பியிருப்பார், சிறுநீர் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்திருப்பார். “பயப்பட வேண்டாம்” என்று சொன்னவர் இதையும் இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் பலருக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எல்லோரும் செலவிடுவதில்லை.

சரி, 0.12-க்கு வருவோம்.

இந்த இடத்தில் ஓர் அடிப்படையை மறந்துவிடக் கூடாது. சி.ஆர்.பி., புரோகால்சிடோனின், வெள்ளையணு எண்ணிக்கை எதுவும் கிருமியை நேரே காட்டுவதில்லை. கிருமி வந்ததற்கு உடல் போடும் கூச்சலைத்தான் அவை அளக்கின்றன. உங்கள் கணவர் தினமும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் மூன்றும் சாப்பிடுகிறார். அந்தக் கூச்சலை அடக்குவதற்கென்றே கொடுக்கப்படும் மருந்துகள் அவை. வாட்ச்மேனுக்கு நாமே தூக்க மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவர் விசில் ஊதவில்லை, ஆகவே திருடன் வரவில்லை என்று கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியுமா?

அதோடு, புரோகால்சிடோனின் பாக்டீரியாவுக்குக் கத்துகிற அளவுக்கு வைரஸுக்குக் கத்தாது. வைரஸ் வந்தால் உடல் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், புரோகால்சிடோனின் உற்பத்திக்குத் தடை போட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் குடும்ப டாக்டர் ‘வைரல்’ என்று சொன்னது சரியாகவே இருக்கலாம். தவறு, ‘பாராசிட்டமால் போதும்’ என்ற பிற்பகுதியில் இருக்கிறது. மாற்றுச் சிகிச்சை செய்துகொள்ளாத எனக்கும் உங்களுக்கும் அது போதும்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது சைட்டோமெகலோ வைரஸ் மீது. சுருக்கமாக சி.எம்.வி. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுவயதிலேயே இந்த வைரஸ் வந்துபோயிருக்கும். சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று நினைத்து மறந்திருப்போம். அது உடலை விட்டுப் போவதில்லை, பதுங்கிக் கிடக்கும். அதைக் கட்டி வைத்திருப்பவை டி அணுக்கள். அவற்றைத்தான் ஏ.டி.ஜி. கொடுத்து அழித்தோம். அதனால்தான் முதல் மூன்று மாதம் வால்கான்சைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார்கள். நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டின்படி அந்த மாத்திரை நின்று நான்கு வாரம் ஆகிறது. காவல் எடுக்கப்பட்ட அடுத்த சில மாதங்களில்தான் சி.எம்.வி. தலைதூக்கும். லேசான காய்ச்சல், சோர்வு, வயிற்றுப்போக்கு, வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்து குறைவது, சி.ஆர்.பி. கொஞ்சமாக ஏறியிருப்பது, புரோகால்சிடோனின் அசையாமல் இருப்பது: இப்படிச் சேர்ந்து வந்தால் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ்கூட முதலில் சி.எம்.வி. என்றுதான் சொல்வார். 0.12 அவர்களைப் பதற வைத்தது இதனால்தான். பாக்டீரியா இல்லையென்றால் வேறு என்ன என்ற கேள்வியை அந்த எண் எழுப்பிவிட்டது.

இதை உறுதி செய்வது சி.எம்.வி. பி.சி.ஆர். என்ற பரிசோதனை. இது கூச்சலை அளப்பதில்லை, வைரஸையே எண்ணுகிறது. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு லேப் முழு இரத்தத்தில் எண்ணும், இன்னொன்று அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் எண்ணும். இரண்டின் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முதல் பரிசோதனையை எங்கே எடுக்கிறீர்களோ, சிகிச்சை முடியும்வரை அங்கேயே எடுங்கள். அங்கேயும் 2,000 என்பது 3,500 ஆகிவிட்டது என்று கலங்காதீர்கள். மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கம் அந்தக் கருவியின் தடுமாற்றமாகவே இருக்கலாம். குடலை மட்டும் சி.எம்.வி. தாக்கியிருந்தால் இரத்தத்தில் எண்ணிக்கை மிகக் குறைவாகவோ இல்லாமலேயோ இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் அவர்கள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள், மறுக்க வேண்டாம்.

பி.சி.ஆர். முடிவு கையில் வரும்வரை இது என் ஊகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையணு 2,800 ஆனதற்கு மைக்கோஃபீனோலேட் ஒன்றே காரணமாக இருக்கலாம். அவர் சாப்பிடும் கோ-டிரைமாக்சசோலும் சேர்ந்திருக்கலாம். வயிற்றுப்போக்குக்கும் மைக்கோஃபீனோலேட்டைக் குற்றம் சொல்லலாம். வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தில் ஏறும். அது ஏறினால் கிரியேட்டினின் ஏறும். அல்லது அந்த 1.5 உறுப்பு நிராகரிப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். நிராகரிப்பைப் புரோகால்சிடோனின் காட்டிக்கொடுக்காது. இதில் சிக்கல் என்னவென்றால், தொற்று என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும், நிராகரிப்பு என்றால் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர்த் திசை. சில நேரம் ஊசியால் சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதைக் கும்பகோணத்தில் உட்கார்ந்து நீங்களும், வேறோர் ஊரில் உட்கார்ந்து நானும் தீர்க்க முடியாது.

வைடால் 1:80-ஐக் கிழித்துப் போட்டுவிடலாம். டைபாய்டு இல்லாத ஆரோக்கியமானவர்களிடமே நம் பகுதியில் அந்த அளவு வருவதுண்டு. அது கிருமிக்கு எதிராக உடல் செய்யும் எதிர்பொருளை அளக்கும் பரிசோதனை. எதிர்பொருளைச் செய்யும் ஆற்றலையே மருந்தால் குறைத்து வைத்திருப்பவரிடம் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ இரண்டையும் நம்ப முடியாது. டைபாய்டு சந்தேகம் இருந்தால் இரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு. காய்ச்சல் பேக்கேஜ் என்று லேப்கள் விளம்பரம் செய்யும் பட்டியலில் வைடால் இன்னும் முதல் வரியில் இருப்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயங்களில் ஒன்று.

ஒருவேளை குறைந்த எண்ணைப் பற்றி நான் அதிகமாகப் பயமுறுத்துகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், மாற்றுச் சிகிச்சை முடிந்து இரண்டாண்டு ஆன ஒருவர் தலைவலி என்று வந்தார். மூன்று வாரமாக வலி. காலையில் கொஞ்சம் அதிகம். காய்ச்சல் 99.4. சி.ஆர்.பி. 6, அந்த லேபின் கணக்கில் நார்மல். வெள்ளையணுவும் நார்மல். தொற்று இல்லை என்று முடிவு செய்து தலைவலிக்கு மாத்திரை எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னார், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தபோது அது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. புறா எச்சம் கலந்த தூசியில் வாழ்வது. மூச்சில் புகுந்து மூளை உறையில் போய்த் தங்கும். அவர் வீட்டு பால்கனியில் புறாக்கள் கூடு கட்டியிருந்ததை அதன் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாளே கிரிப்டோகாக்கல் ஆன்டிஜன் என்ற எளிய இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ‘சி.ஆர்.பி. நார்மல்’ என்று என் கையெழுத்தில் எழுதிய அந்த ஓ.பி. சீட்டு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

காசநோயும் இப்படித்தான் பதுங்கி வரும். புரோகால்சிடோனின் பெரும்பாலும் ஏறாது, சி.ஆர்.பி. நடுத்தரமாக, வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ பரிசோதனை, இந்த மருந்துகள் சாப்பிடுபவர்களிடம் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று காட்டக்கூடும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் மூன்றில் ஒன்று இருந்தாலே தேட வேண்டும். ஆனால் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்குச் சொல்லாமல் காசநோய் மருந்தை யாரும் தொடங்கிவிடக் கூடாது. அதில் உள்ள ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸை இரத்தத்திலிருந்து துடைத்து எடுத்துவிடும். சில நாட்களில் நிராகரிப்பு வந்து நிற்கும். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. தொண்டை வலிக்குச் சாதாரணமாக எழுதப்படும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கு எழுதப்படும் ஃபுளூகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸைக் கிடுகிடுவென ஏற்றும்.

கல்லீரல் மாற்றியவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சி.ஆர்.பி. உற்பத்தியாகும் இடமே கல்லீரல்தான். புதிய கல்லீரல் சரியாக வேலை செய்யவில்லை என்றால், பெரிய தொற்று இருந்தும் சி.ஆர்.பி. எழும்பாமல் போகலாம். அதேபோல, நிராகரிப்புக்காக டோசிலிசுமாப் என்ற ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, சி.ஆர்.பி. சுரக்கச் சொல்லும் சமிக்ஞையே அடைபட்டிருக்கும். அவர்களுக்குப் பெரிய தொற்றிலும் சி.ஆர்.பி. நார்மலாகவே வரக்கூடும். வேறு டாக்டரிடம் போனால் இந்த ஊசியைப் பற்றி வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கொழுந்தனாரின் யோசனை அக்கறையில் வந்தது, ஆனால் வேண்டாம். நன்றாக இருப்பவருக்கு மாதாமாதம் சி.ஆர்.பி. எடுத்தால், ஒரு மாதம் பல் ஈறு வீங்கியதற்கு ஏறும், இன்னொரு மாதம் படியில் இடித்துக்கொண்டதற்கு ஏறும். ஏறிய ஒவ்வொரு முறையும் யாராவது ஓர் ஆன்டிபயாடிக் எழுதுவார்கள். கிரியேட்டினின், டாக்ரோலிமஸ் அளவு, இரத்த அணுக்கள், சிறுநீர், சர்க்கரை என்று அவர்கள் சொன்ன மாதப் பரிசோதனைகளைத் தவறவிடாமல் இருந்தாலே போதும். கூடவே, குறிப்பிட்ட இடைவெளியில் பி.கே. வைரஸ் பி.சி.ஆர். எழுதுவார்கள், அது காய்ச்சல் இல்லாமலேயே சிறுநீரகத்தை அரிக்கும் வைரஸ் என்பதால் ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

இனி ஒருமுறை காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுக்கும் முன்பு தெர்மாமீட்டரில் பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரெட்னிசலோன் சாப்பிடுபவருக்கு 100.4 ஒரு பெரிய காய்ச்சல். அதற்குக் குறைவாக இருந்தாலும் ஒரு நாளைத் தாண்டி நீடித்தால் போன் செய்யுங்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள், சிறுநீரகத்துக்கு அவை ஆகாது. கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, அலகோடு கூடிய பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் தவறுவது. டாக்ரோலிமஸ் அளவைக் காலை வேளை மாத்திரைக்கு முன்பு எடுக்க வேண்டும். விடியற்காலையில் பஸ் ஏறும் அவசரத்தில் அதை விழுங்கிவிட்டுப் போனால், அன்று எடுக்கும் அளவு வீண். அந்த மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். லேபில் இரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்திய பிறகு போட்டுக்கொள்ளட்டும்.